செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறிப் பாருங்கோ

என் கையெழுத்துக்காக முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் பென்சில் பிடித்ததெல்லாம் பலகையில் குறி போடத்தான். வெட்டவேண்டிய இடத்தில் ஒரு கோடு, கழிக்கவேண்டிய பக்கத்தில் ஒரு பெருக்கல் அடையாளம். அதனால் என் எழுத்துகள் எல்லாம் வாளுக்குக் காத்திருப்பவை போல விறைத்து நிற்கும். பிழைகளும் இருக்கும். எந்த இடத்தில் எந்த 'ர' வரும் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். தெரிந்தவர்கள் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

வவுனியாவில் தரைப் பலகை விற்கும் கடை ஒன்றில் தரை போடுகிறவனாக வேலை செய்தேன். முழங்கால் இரண்டும் மடிய மாட்டோம் என்று சொன்ன பிறகு விலகினேன். தரை போடுகிறவனுக்கு முழங்கால் போனால், வயது எவ்வளவாக இருந்தாலும் ஓய்வு வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். போகிற நாளில் கடையில் பிரியாணி எடுத்துத் தந்தார்கள். இப்போது அங்கே வேலை செய்கிறவர்கள் என்னைச் சுற்றி இருந்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

"அண்ணை, இவ்வளவு காலம் போட்டனீங்கள். கடைசியா ஒண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ. லமினேற்றோ, மரமோ, காப்பெற்றோ? எது நல்லது?"

எனக்கு ஆட்கள் முன்னால் பேச வராது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இறைச்சித் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினேன்.

"கதைக்க வெக்கமெண்டா எழுதித் தாங்கோ. நாங்கள் வாசிக்கிறம்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது மனதில் கிடந்தது.

இப்போது வாடிக்கையாளர்கள் கடைக்கு வருவதே குறைவு. கைபேசியில் படம் பார்த்து, "அந்தச் சாம்பல் நிறம்" என்று சொல்லிவிடுகிறார்கள். என் முதலாளி சலீம் நானா இருந்த காலத்தில் அப்படி இல்லை. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

நானா தன் கடைக்குள் செருப்புப் போடமாட்டார். சத்தமாகப் பேசமாட்டார். என் வேலையில் பிழை கண்டால் ஏசமாட்டார். இரண்டு பலகை சேரும் இடத்தில் வெறுங்காலின் பெருவிரலை வைத்து மெதுவாகத் தடவுவார். மேடு தட்டுப்பட்டால் அந்த இடத்திலேயே நின்றுகொள்வார். நான் வேலையை விட்டுவிட்டு வந்து அவருடைய காலடியைப் பார்க்கும் வரைக்கும் நிற்பார். பார்த்ததும் நகர்ந்துவிடுவார். அவ்வளவுதான். அப்படி நின்று நின்றே எனக்குத் தொழில் பழக்கினார்.

சாமான் தெரிவு செய்ய வருகிறவர்களுக்கு அவர் படம் காட்டுவதில்லை. தரையில் மூன்று துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவார். ஒன்று லமினேற், அதாவது அமுக்கிய மரத்தூளுக்கு மேலே மரத்தின் படத்தை ஒட்டிய பலகை. ஒன்று அசல் மரம். ஒன்று காப்பெற், தரையில் விரிக்கிற கம்பளம். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். பிறகு சொல்லுவார்: "செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறிப் பாருங்கோ." ஏறியவர் இறங்கியதும், "இனிக் காலை நனைச்சுப்போட்டு ஏறிப் பாருங்கோ" என்பார். வயலில் இருந்து வருகிற கால், குளித்துவிட்டு வருகிற கால், இரண்டும் வீட்டுக்குள்தானே வரும் என்பது அவருடைய கணக்கு. தெரிவு செய்து கொடுக்கமாட்டார். "உங்கட கால், உங்கட விருப்பம்" என்று சொல்லி முடித்துவிடுவார்.

அவருடைய முறை சரி என்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். கிளிநொச்சியில் ஒரு விருந்தினர் விடுதிக்காரர் படத்தை மட்டும் பார்த்து எல்லா அறைக்கும் வெண்ணிறக் காப்பெற் போடச் சொன்னார். சோளகக் காற்று தொடங்கியதும் வீதிப் புழுதி உள்ளே வந்து, வெள்ளை செங்கல் நிறமாகிவிட்டது. இன்னொரு வீட்டில் லமினேற் போட்டோம். அந்த வீட்டில் ஒரு செத்தவீடு நடந்தது. பிரேதம் போன கையோடு வழக்கப்படி வீடு முழுக்க வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். கிழமை கழிந்து நான் போய்ப் பார்த்தபோது பலகைகள் விளிம்பில் ஊதி, தரை முழுக்கச் சின்னச் சின்ன வரம்பு கட்டின வயல் போல இருந்தது. துடக்குக் கழுவாதே என்று யாரிடம் சொல்வது? தெரிவு செய்யும்போது யாரும் சாவை நினைப்பதில்லை.

எனக்கு வெட்கம் அதிகம். வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டேன், பெண்களாக இருந்தால் கேட்கவே வேண்டாம். நான் பார்த்ததெல்லாம் கால்கள்தான். தெருவில் ஒருவர் வணக்கம் சொன்னால் முகம் நினைவு வராது, கீழே பார்த்தால் எந்த வீடு என்று தெரிந்துவிடும். நானாவின் அந்த வசனத்தை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தேன். வீடுகளுக்குப் போய் மூன்று துண்டுகளையும் போட்டுவிட்டு, குனிந்தபடியே சொல்லுவேன். பேசத் தெரியாதவனுக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

அந்த வசனம்தான் தர்மபுரத்தில் என்னைக் காட்டிக்கொடுத்தது.

சுவிஸில் இருந்து ஒருவர் நானாவுக்குப் போன் எடுத்தார். தர்மபுரத்தில் தாய்க்கும் தமக்கைக்கும் வீடு கட்டியிருப்பதாகவும், புதுமனை புகுகிற குடிபூரல் முடிந்துவிட்டதாகவும், தரை மட்டும் பாக்கி என்றும் சொன்னார். தன் வீட்டில் இருப்பது போல லமினேற் போடலாம் என்று நினைக்கிறார், ஆனால் தாய் காப்பெற் கேட்கிறார், ஆள் அனுப்பிக் காட்டுங்கள் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மோட்டார் சைக்கிளில் துண்டுகளைக் கட்டிக்கொண்டு போனேன். புது வீடு. சுவருக்கு வண்ணம் அடித்திருந்தது. கீழே பூசாத சீமெந்து, சொரசொரப்பாகக் கிடந்தது. ஹோலில் ஒரு பெண் கதிரையில் இருந்து மேசை மேல் கைமெசினில் தைத்துக்கொண்டிருந்தார். தைக்கிற சீலை மடியில் இருந்து நிலம் வரைக்கும் விழுந்து கிடந்தது. தாயார் கையில் அகப்பையோடு குசினி வாசலில் நின்றார்.

நான் வழக்கம் போலக் குனிந்தேன். மூன்று துண்டுகளையும் கதிரைக்கு முன்னால் வரிசையாகப் போட்டேன். கால்களைத் தேடினேன். சீலை மறைத்திருந்தது. மடக்கி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறிப் பாருங்கோ அக்கா" என்றேன்.

மெசின் நின்றது. குசினி வாசலில் தாயாருடைய மூச்சு ஒருமுறை பெரிதாகக் கேட்டது.

"அண்ணை, நான் செருப்புப் போட்டே கனகாலம்" என்றார் அந்தப் பெண். குரலில் கோபம் இல்லை. கடைக்காரரிடம் சீனி இருக்கிறதா என்று கேட்கிற மாதிரிச் சொன்னார். பிறகு சீலையை மேசை மேல் எடுத்துப் போட்டார். அவருக்கு இரண்டு கால்களும் தொடைக்குக் கீழே இல்லை.

எப்படிப் போயின என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதை யாரும் கேட்பதில்லை. நான் அப்போது என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் கை கூசுகிறது. துண்டுகளைப் பொறுக்கினேன். காப்பெற் கையில் சுருண்டு கொள்ளாமல் திரும்பத் திரும்ப விரிந்தது. அதைக் கக்கத்தில் அமுக்கிக்கொண்டு, "நாளைக்கு வாறன்" என்று நிலத்துக்குச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பின்னால் தாயார், "தேத்தண்ணி வைச்சிட்டன் தம்பி" என்று கூப்பிட்டது கேட்டது. நான் திரும்பவில்லை.

கடைக்கு வந்து நானாவிடம் சொன்னேன். என்னால் அந்த வீட்டுக்குப் போக முடியாது, வேறு ஆளை அனுப்புங்கள் என்றேன்.

"அந்தப் பிள்ளை வீட்டுக்குள்ள என்னண்டு திரியுது?" என்று கேட்டார்.

"தெரியாது நானா. பாக்கேல்லை."

"அதைப் பாக்காமல் என்னத்தைப் பாத்துப்போட்டு வந்தனீ? தரையில ஆள் எதை வைக்குதோ, அதைக் கேக்கவேணும். கால் வச்சாக் கால். கை வச்சாக் கை." எழுந்து உள்ளே போய், ஆள் நீளத்துக்குப் பெரிய துண்டுகளாக மூன்று எடுத்து வைத்தார். "மன்னிப்புக் கேக்கப் போகாதே. நீ அங்க போய் அழுதா அந்தப் பிள்ளைதான் உன்னைத் தேத்தவேணும். பலகையோட போ."

போனேன். இரவு முழுக்க யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வாசலில் வரவில்லை. யோகராணி, அதுதான் அவருடைய பெயர், என்னைப் பார்த்ததும் முந்திக்கொண்டார்.

"வாங்கோ அண்ணை. நேற்றுத் தேத்தண்ணியை அம்மா மாட்டுக்கு ஊத்தினவா. இண்டைக்காவது குடிச்சிட்டு ஓடுங்கோ."

அவர் கதிரையில் இருந்து இறங்கினார். இரண்டு கைகளிலும் டயர்த் தோலில் வெட்டிய பட்டைகளை மாட்டிக்கொண்டார். இடுப்புக்குக் கீழே தடித்த காற்சட்டைத் துணியில் தானே தைத்த ஒரு மெத்தை கட்டியிருந்தார். கைகளை ஊன்றி, உடம்பைத் தூக்கி, முன்னுக்கு வைத்தார். மறுபடி ஊன்றினார். வெளியே போகச் சில்லுக் கதிரை இருந்தது. வீட்டுக்குள் கெதியாக, வேகமாகத் திரிய இதுதான் வசதி என்றார்.

"இந்தச் சீமெந்து துணியைத் தின்னுது. துணி முடிஞ்சாத் தோல். இருந்து தைக்கேலாமல் புண் வருது. அதுக்காகத்தான் தம்பி தரை போடச் சொன்னவன். எனக்கு வடிவெல்லாம் வேண்டாம் அண்ணை. இந்த வீட்டுக்குள்ள ஒருதரையும் கூப்பிடாமல் நான் திரியவேணும். உள்ளுக்கும் வெளியாலையும். அவ்வளவுதான்."

பெரிய துண்டுகளைப் போட்டேன். முதலில் காப்பெற். தாயார் வந்து குனிந்து கையால் தடவினார். "மெத்தை மாதிரி இருக்கு. இதைப் போடுவம் பிள்ளை. நோகாது."

யோகராணி அதில் ஏறினார். துணி காப்பெற்றில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இரண்டு தரம் இழுத்துவிட்டு நின்றார். பிறகு தலைமுடியில் குத்தியிருந்த தையல் ஊசியை எடுத்துக் காப்பெற்றில் போட்டார்.

"எடுங்கோ அம்மா பாப்பம்."

தாயார் தேடினார். நானும் தேடினேன். கிடைக்கவில்லை.

"இஞ்ச ஒரு நாளைக்கு எத்தினை ஊசி விழும்? நீங்கள் தேடிற ஊசியெல்லாம் பிறகு என்ர தொடையிலதான் கிடைக்கும்" என்றார். தாயார் காப்பெற்றை விட்டுக் கையை எடுத்தார். கடைசியில் நான் அந்தத் துண்டைச் சுருட்டிக் கடைக்குக் கொண்டுபோய் உதறித்தான் ஊசியை எடுத்தேன்.

லமினேற்றைப் போட்டபோது சுவிஸ் தம்பியும் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் யோகராணி வழுக்கிக்கொண்டு போனார். ஒரு தள்ளில் அந்த முனைக்குப் போய்விட்டார். அவர் சிரித்ததை அப்போதுதான் கேட்டேன்.

"பாத்தியே அக்கா, நான் சொன்னனான்" என்றார் தம்பி.

நான் வாளியைக் காட்டினேன். பேச வரவில்லை, காட்டத்தான் முடிந்தது. யோகராணி கையையும் துணியையும் நனைத்துக்கொண்டு மறுபடி ஏறினார். கை சறுக்கி முழங்கை அடிபட விழுந்தார். தாயார் ஐயோ என்று ஓடி வந்தார். "பேசாமல் நில்லுங்கோ அம்மா" என்று சொல்லி, அவரே எழும்பினார்.

மூன்றாவது அசல் மரம், முதிரைப் பலகை. அதில் லமினேற்றைப் போல வழுக்கவில்லை, சீமெந்தைப் போலப் பிடிக்கவுமில்லை. நனைந்த கையும் நின்றது. அவர் அந்தப் பலகையில் போய், திரும்பி, மறுபடி போனார். கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்தார்.

"இது சுடவும் இல்லை, குளிரவும் இல்லை" என்றார்.

அதோடு வேலை முடிந்தது என்று நான் அளவு நாடாவை எடுத்தேன்.

"பொறுங்கோ அண்ணை. நான் காட்டினது காணும். இனி நீங்கள் வாங்கோ."

விளங்காமல் நின்றேன்.

"காலை மடக்கிக் குந்துங்கோ. கையை ஊண்டுங்கோ. ஹோலில இருந்து அறைக்குப் போய், அறையில இருந்து குசினிக்கு. நீங்கள்தானே போடப்போறியள்? உங்களுக்குத் தெரியவேண்டாமோ?"

டயர்த் தோல் பட்டைகளைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அவருடைய கைச்சூடு அதில் இருந்தது. நான் மறுக்கத் தெரியாதவன். சாரத்தை மடித்துக் கட்டி, காலை மடக்கி, சீமெந்தில் குந்தினேன். கையை ஊன்றி உடம்பைத் தூக்கினேன். அரை முழம் கூடப் போகவில்லை, தோள் நடுங்கியது. அந்த நேரம் பார்த்துத் தைத்த சட்டை வாங்க ஒரு பெண் வந்து வாசலில் நின்றார்.

"என்னடி யோகா, மேசன்மாரையும் பழக்கிறியே?"

"புதுசு அக்கா. இன்னும் நடை வரேல்லை" என்றார் யோகராணி.

என் காது சுட்டது. திரும்பிப் பார்க்காமல் ஊர்ந்தேன். அறை வாசலுக்கு வந்தபோதுதான் அந்தக் கட்டை தட்டுப்பட்டது. எங்கள் வீடுகளில் கதவு நிலைக்குக் கீழேயும் ஒரு கட்டை வைப்போமே, அது. நடக்கிறவர்களுக்கு அது இருப்பதே தெரியாது, காலைத் தூக்கி வைத்துவிடுவார்கள். நான் கையை அதற்கு அப்பால் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, பாதியில் கை விட்டுப்போய் அதன் விளிம்பில் விழுந்தேன். முதுகெலும்பின் நுனியில் ஏறிய நோவு கண்ணில் தண்ணீர் வரப்பண்ணியது. அந்த வீட்டில் ஒவ்வொரு வாசலிலும் அப்படி ஒரு கட்டை இருந்தது. முன்வாசலில் இருந்தது எல்லாவற்றிலும் உயரம். தாய் விருப்பப்படி பாலை மரத்தில் செய்தது.

லமினேற்றா, மரமா, காப்பெற்றா என்று சுவிஸ் வரைக்கும் கதைத்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் இதைப் பார்க்கவில்லை.

அறை வாசல்களின் கட்டைகளை அரிந்து எடுத்துவிடலாம் என்று சொன்னேன். அது நானாகச் சொன்னது. யோகராணி முன்வாசலைக் கையால் காட்டினார்.

"அதையும் அண்ணை."

தாயார் குறுக்கே வந்தார். "அதில கை வைக்காதேங்கோ தம்பி. குடிபூரலண்டு மஞ்சள் பூசிப் பொட்டு வைச்ச படி. லட்சுமி இருக்கிற இடம். முன்வாசலை அரிஞ்ச வீடு எங்கையாவது இருக்கோ?"

"லட்சுமிக்குக் கால் இருக்கு அம்மா. அவா தாண்டி வருவா."

"வாயைப் பார் இவளுக்கு."

"நான் ஒவ்வொரு நாளும் அதில குந்தி எழும்பித்தானே போறன்? படியில குந்தாதே எண்டு நீங்களும் பேசிறியள். அரிஞ்சா நான் ஏன் குந்தப்போறன்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் கடந்து பாத்தனீங்கள்."

என் முதுகில் அந்த நோவு இன்னும் இருந்தது. அந்த வீட்டில் யோகராணியைத் தவிர அந்தக் கட்டை என்ன செய்யும் என்று தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். தாயார் நல்ல மனுசி. நான் இரண்டு வசனம் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். அவர் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது உங்கட விருப்பம் அம்மா" என்றேன்.

யோகராணி என் கையில் இருந்த பட்டைகளை வாங்கி மாட்டிக்கொண்டு மெசினுக்குப் போய்விட்டார்.

வேலையை நான் மிகக் கவனமாகச் செய்தேன். அதில் எனக்குக் குறை இல்லை. முதலில் சீமெந்தின் ஈரம் பார்த்தேன். பொலித்தீன் துண்டை நிலத்தில் விரித்து நாலு பக்கமும் ஒட்டிவிட்டு, அடுத்த நாள் அடியில் வியர்த்திருக்கிறதா என்று பார்ப்பது. வியர்வை நிற்கும் வரைக்கும் காத்திருந்தேன். கறையானுக்கு மருந்து அடித்தேன். முதிரையை நானா தன் கண் முன்னால் அரிவித்தார். எங்கள் பக்கத்து மரத்துக்குள் சண்டைக் காலத்து இரும்புச் சன்னங்கள் இருக்கும், வாள் பல்லு உடையும். ஒரு பலகையில் அப்படி ஒரு சன்னம் கறுப்பாகத் தெரிந்தது. அதைக் கழித்துவிட்டேன். சுவர் ஓரத்தில் மரம் ஊதுவதற்கு இடம் விட்டு, பலகைக்குப் பலகை பசை வைத்து இறுக்கினேன். வாணிஷ் பூசினால் வழுக்கும் என்று எண்ணெய் மட்டும் பூசினேன்.

மெருகு பார்க்கிற வேலையை யோகராணி செய்தார். மெல்லிய வொயில் சீலைத் துண்டு ஒன்றைத் தரையில் போட்டு இழுத்துக்கொண்டு போவார். சிலும்பு இருந்தால் சீலை மாட்டும். மாட்டிய இடத்தில் தையல் சோக்கால் வட்டம் போடுவார். நான் பின்னால் முழங்காலில் போய் அந்த வட்டத்தைத் தேய்ப்பேன். நானாவின் பெருவிரலுக்குத் தப்பக்கூடியதெல்லாம் அந்தச் சீலையில் அகப்பட்டது. உள்வாசல்கள் எல்லாவற்றையும் குசினிப் பின்வாசலையும் தரையோடு சமமாக்கினேன். கடைசி நாளில் அவர் ஹோல், அறை, குசினி, குளியலறை என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்வாசலுக்கு வந்ததும் நின்றார். திரும்பிக் குசினிக் கதவால் வெளியே போய், நெல் மூட்டை ஏற்றக் கட்டியிருந்த சரிவில் இறங்கி, வீட்டைச் சுற்றி முற்றத்துக்கு வந்தார்.

அதற்குப் பிறகு அந்த வசனத்தை நான் எந்த வீட்டிலும் சொன்னதில்லை. தர்மபுரம் பக்கம் வேலை வந்தால் வேறு ஆளை மாற்றிவிட்டேன்.

சலீம் நானா போய்விட்டார். என் முழங்காலும் போனது. சில மாதங்களுக்கு முன்பு சந்தையில் ஒருவர் சொல்லித்தான் யோகராணியின் தாயார் இறந்தது தெரியும். முப்பத்தொராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. பிந்திப் போவதும் வெட்கம், போகாமல் இருப்பதும் வெட்கம். பஸ் எடுத்துப் போனேன்.

வாசலில் நின்றவன் குனிந்து பார்த்தேன். முன்வாசல் கட்டை இல்லை. இரண்டு பக்க நிலைக்கும் இடையில் அது அரிந்து எடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அது தொழில்காரன் வேலை அல்ல. வாள் போன வழி நேராக இல்லை, ஒவ்வொரு இடத்திலும் விட்டு விட்டு அரிந்த தடம் இருந்தது.

"வளைஞ்சிருக்கு எண்டு சொல்லாதேங்கோ அண்ணை" என்ற குரல் உள்ளே இருந்து வந்தது. யோகராணி தரையில் இருந்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. "பாலை மரம். கல்லு மாதிரி. கொஞ்சம் கொஞ்சமா அரிஞ்சன்."

"ஆளைக் கூப்பிட்டிருக்கலாமே பிள்ளை."

"ஆரை?"

மிச்சத்தையும் அவராகத்தான் சொன்னார். தாயாரை எடுத்த அன்று வாசல் நிறையச் சனம். பாடையை முன்வாசலால் கொண்டு போனார்கள். "தூக்கிவிடுறம் எண்டு கேட்டவை. அம்மாவை அனுப்பிறதுக்கு என்னையும் தூக்கிக்கொண்டு போறதோ எண்டு நான் மாட்டன் எண்டிட்டன். குசினியால சுத்தி வந்தன். மழை பெஞ்ச மண், சில்லுப் புதைஞ்சிட்டுது. நான் படலைக்கு வரேக்க அம்மா சந்தி தாண்டியிட்டா."

குறை சொல்லும் குரல் இல்லை. அன்றைக்குச் செருப்பைப் பற்றிச் சொன்ன அதே குரல். நான் அன்று சொல்லாமல் விட்ட இரண்டு வசனம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அந்த வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று கால் சொன்னது. முதல் நாளும் அப்படித் திரும்பிப் போனவன்தானே நான்.

"ஏன் அங்கேயே நிக்கிறியள்?" என்றார் யோகராணி. "செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறிப் பாருங்கோ."

தலை நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு வாயில் இல்லை, கண்ணில் இருந்தது. செருப்பைக் கழற்றினேன். அரிந்த இடத்தில் பாதத்தை வைத்தேன். நானாவைப் போலப் பெருவிரலால் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்குத் தடவினேன். அங்கேயே நின்றேன்.

"என்ன?" என்றார்.

"இடப்பக்கம் மேடு. கை ஊண்டேக்க வெட்டும்" என்றேன். ஒரு வீட்டில் என்னைக் கேட்டபோது எது எப்படி இருக்கிறது என்று நான் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஓம். வெட்டுது" என்று உள்ளங்கையைக் காட்டினார். "சீவுளி அலுமாரிக்குக் கீழ கிடக்கு."

முழங்காலில் நிற்க எனக்கு ஏலாது. நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, இரண்டு கால்களையும் நீட்டி, கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி அலுமாரி வரைக்கும் போனேன். நான் போட்ட தரை. சிலும்பில்லாமல் விட்டது. சீவுளியை மடியில் வைத்துக்கொண்டு அதே மாதிரி வாசலுக்குத் திரும்பி வந்தேன். வீதியில் சைக்கிளில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சீவினேன். பாலை மரச் சுருள் சிவப்பாக முற்றத்தில் விழுந்தது.

யோகராணி வொயில் துண்டை எடுத்து வந்து அந்த இடத்தில் போட்டு இழுத்தார். மாட்டியது. சோக்கால் ஒரு வட்டம் போட்டார். நான் தேய்த்தேன். மறுபடி இழுத்தார். மறுபடி ஒரு வட்டம். பொழுது சாயும் வரைக்கும் அப்படியே இருந்தோம். கடைசியில் சீலை மாட்டாமல் விறாந்தைக்குப் போனது. சீலையின் பின்னால் அவரும் போனார்.

எது நல்லது என்று கடையில் கேட்டவர்களுக்கு இதுதான் நான் எழுதக் கூடியது.

உருத்திரபுரம்,
தைப்பொங்கலுக்கு மறுநாள்.